இசக்கிப்பாண்டி இழைத்த கித்தார்

குத்துக்கல்வலசை இசக்கிப்பாண்டியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, அவன் அழாத ஆள் என்பதைத்தான். 1959-இல் அவனுடைய ஒரே மகள், மூன்று வயதுப் பிள்ளை, வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் போய்விட்டது. மறுநாள் காலையில் அவன் செங்கோட்டை ரோட்டில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து அலமாரிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். கல்லுளிமங்கன் என்றார்கள். நானும்தான் வாய் நிறையச் சொன்னேன்.

என் பெயர் மாசிலாமணி. தென்காசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன். மிக்சர் கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசிக்கு முன்னால் ஸ்பிரிட் தடவுவது, டாக்டர் வராத நாளில் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொள்வது எல்லாம் என் வேலை. ஊரில் பாதிப் பேர் டாக்டரிடம் கேட்பதற்கு முன்னால் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கித்தார் வாசிப்பேன்.

பாண்டியின் அப்பாவுக்கு வடகரையில் குத்தகை வயல் இருந்தது. அது கைவிட்டுப் போனதும் பாண்டி செங்கோட்டை மரக்கடையில் பலகை தூக்கப் போனான். பக்கத்தில் ஒரு மலையாளத்துக்காரர் நாற்காலி, கட்டில் செய்து விற்றார். அங்கே வேலை நடப்பதைப் பார்த்துப் பார்த்தே பாலிஷ் போடப் பழகிக்கொண்டான். முப்பது வயதுக்குள் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் நல்ல மரச்சாமான் எதுவானாலும் கடைசிக் கை அவனுடையது என்று ஆகிவிட்டது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் முக்கி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். பலகை வழவழப்பாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொள்வான். விரல் நுனியை மட்டும் ஓடவிடுவான். மற்றவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் காணாத மேடு அவன் விரலுக்குத் தட்டும். அவன் மனைவி தங்கத்தாய் வீட்டில் பீடி சுற்றுவாள்.

1966-ஆம் வருடம் கொழும்பிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு பார்சல் அனுப்பினான். எலக்ட்ரிக் கித்தாரின் கழுத்து, கம்பிகள், சத்தத்தைக் கரண்டில் ஏற்றும் காந்தக் கட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. உடம்பு மட்டும் இல்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். குற்றாலத்தில் சீசன் கச்சேரிக்கு ஆடி கடைசி ஞாயிறு எங்களுக்குக் கிடைத்திருந்தது. இந்தப் பக்கத்தில் எவனும் பார்த்திராத கித்தாரோடு மேடையில் ஏற வேண்டும் என்று எனக்கு வெறி. வெறி என்பது சரியான வார்த்தைதான். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தை எடுத்துக்கொண்டு பாண்டியிடம் போனேன்.

அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி இது, வயிறே இல்லாம இருக்கு? சத்தம் எங்கன இருந்து வரும்?"

"கரண்டுல வரும்வே."

"அப்பம் கட்டை சும்மா மாட்டத்தானா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"சும்மா மாட்டுத கட்டைக்கு எதுக்கு இம்புட்டுப் பாலிஷு?"

கேட்டானே தவிர, ஒத்துக்கொண்டான். பழைய கதவு ஒன்றிலிருந்து நன்றாக உலர்ந்த பலாப்பலகையைத் தேடிக் கொண்டுவந்தான். வைகாசியில் வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் வேலை தொடங்கியது. படத்தைப் பெரிதாக வரைந்து, பலகையில் ஒட்டி, ரம்பத்தால் அறுத்தான். காந்தக் கட்டைகள் உட்கார உளியால் பள்ளம் எடுத்தான். ஓரங்களை அரத்தால் ராவி உருட்டினான். நெஞ்சில் சாய்கிற இடத்தை, நான் சட்டையைக் கழற்றி நிற்க, என் விலாவை அளந்து குழித்தான். தங்கத்தாய் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனி பிறந்ததும் சாரல் பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும். எங்கள் ஊர்ப் பாலிஷ்காரர்கள் இந்த இரண்டு மாதமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு ஆடிக்குள் வேண்டுமே. அதனால் மத்தியானம் கொஞ்சம் வெயில் தலைகாட்டுகிற நேரத்தில் மட்டும் ஒரு பூச்சு ஏற்றுவான். அது காய்வதற்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் மீதிப் பக்கத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பான். ஈரத்துணியால் துடைத்தால் மரத்தில் நார் எழுந்து நிற்கும். உலர்ந்த பிறகு மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம் மரத்தின் நுண்துளைகளை மக்குப் பூசி அடைத்து மறுபடியும். சாதாரணமாக இரண்டு நாளில் முடியும் தேய்ப்பு மூன்று வாரம் நீண்டது.

மத்தியானம் ஆஸ்பத்திரி அடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அப்படி ஒருநாள் போனபோது, மஞ்சள் மரத்தின் முதுகுப் பக்கத்தில் சிவப்பாக மூன்று கோடு இழுத்திருந்தது.

"வெத்தலைச் சாறாவே?"

"நான் வெத்தலை போடுததில்லையே அண்ணாச்சி." அவனும் குனிந்து பார்த்தான். பிறகு வலது கையைத் திருப்பினான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனித்தோல் தேய்ந்து போய்ச் சதை தெரிந்தது. அடுத்த வீட்டுக்காரன் கையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தான். "உப்புத்தாளு தேச்சிட்டு போல" என்றான்.

சொல்லிவிட்டு அதே விரல்களால் பஞ்சுப் பொதியை ஸ்பிரிட்டில் முக்கிப் பிழிந்தான். ஸ்பிரிட் சதையில் இறங்கி மணிக்கட்டு வரை வழிந்தது. அவன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி வரைக்கும் தாங்கும்" என்றான்.

அதுவரை பதினாறு வருடமாக நான் எத்தனை ஆயிரம் பேர் புண்ணில் ஸ்பிரிட் வைத்திருப்பேன். மீசை வைத்த போலீஸ்காரனும் அம்மாவைக் கூப்பிடுவான். வீறாப்பு உள்ளவன் பல்லைக் கடித்துக்கொள்வான். பாண்டி பல்லைக்கூடக் கடிக்கவில்லை. அவன் முழங்கைக்குக் கீழே வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அன்றைக்கு அதையும் சேர்த்துப் பார்த்தேன்.

பெருவியாதி. குஷ்டம். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. மாத்திரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. சீக்கிரம் வந்தவர்கள் கை கால் குறையாமல் பிழைத்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன். உணர்ச்சி இல்லாத கையில் புண் வந்தால் அந்தக் கைக்கு உடனே ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். இல்லையென்றால் எலும்பு வரைக்கும் போய்விடும். சொல்லிவிட்டால் அவன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுவான் என்பதும் தெரியும். விஷயம் வெளியே போனால் குழுவில் ஒருவனும் அந்தக் கித்தாரைத் தொடமாட்டான். கச்சேரிக்கு ஐந்து வாரம் இருந்தது.

பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேப்புச் சாயம் ஏத்திட்டா அந்தக் கறை தெரியாதுல்லா?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணாச்சி" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. நான் சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, சாயங்காலம் வந்தவர்களுக்கு மிக்சர் ஊற்றிக் கொடுத்தேன். மனசு உறுத்தியது என்று எழுத ஆசைதான். உறுத்தவில்லை. ஐந்து வாரத்தில் குடியா முழுகிவிடும் என்று ஒரே ஒருமுறை நினைத்தேன். பிறகு அதையும் நினைக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், சர்ச்சில் வாசித்தேன். என் உடம்பில் எந்த இடத்தில் ஸ்பிரிட் வைத்திருந்தாலும் அப்போது எரிந்திருக்காது.

பாண்டி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். முழுக்கச் சிவப்புச் சாயம் ஏற்றினான். அதன்மேல் அரக்கு, பூச்சுக்கு மேல் பூச்சு. துணி சுற்றிய விரலால் வழவழப்பைச் சோதிக்க முடியாதல்லவா, கட்டையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கத் தொடங்கினான். கண்ணை மூடிக்கொண்டு அவன் அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் தங்கத்தாய் பீடித்தட்டோடு வந்து நின்றாள்.

"பிள்ளையக் கொஞ்சுதாப்புல கொஞ்சுதாவளே" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாண்டி கட்டையை மறு கன்னத்துக்கு மாற்றினான்.

ஆடி மூன்றாம் வாரம் கட்டை என் கைக்கு வந்தது. நாவல்பழச் சிவப்பு. மேலே என் முகம் தெரிந்தது. எத்தனை தேடியும் முதுகில் அந்த மூன்று கோடுகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் குழுவில் ரேடியோ ரிப்பேர் செய்கிற மசூது கழுத்தையும் காந்தக் கட்டைகளையும் பொருத்திக் கொடுத்தான்.

கச்சேரி நன்றாக நடந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள் நின்றுகொண்டே கேட்டார்கள். முதல் பாட்டிலேயே கைதட்டல். இந்தக் கட்டை எந்த ஊரில் செய்தது, சிங்கப்பூரா என்று ஒருவர் மேடைக்கே வந்து கேட்டார். குத்துக்கல்வலசை என்றேன். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் நான் சந்தோஷப்பட்டதாக ஞாபகமே இல்லை.

முடிந்ததும் பாண்டி பக்கத்தில் வந்தான். வலது கையைத் துண்டால் மூடியிருந்தான். "நல்லா மின்னுச்சு அண்ணாச்சி, லைட்டு வெளிச்சத்துல" என்றான். அப்போது அந்தத் துண்டிலிருந்து ஒரு வாடை அடித்தது. கட்டுப் போடுகிறவன் மூக்குக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் நானே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் நடித்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரண்டாவது கணுவோடு எடுத்தார்கள். வியாதிக்கு மாத்திரை கொடுத்தார்கள், அது அதோடு நின்றும்போனது. டாக்டர் தங்கத்தாயிடம், "ஒரு மாசம் முந்தி வந்திருந்தா வெறும் கட்டோட போயிருக்கும்மா" என்றார். அவள் வராண்டாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என்னைத்தான் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேனாம்.

அதற்குப் பிறகு யாரும் அவனைப் பாலிஷுக்குக் கூப்பிடவில்லை. வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்குச் சேர்ந்தான். நான் கித்தாரை இரண்டு சீசன் வாசித்தேன். பிறகு கையில் எடுக்கவே பிடிக்காமல் மசூதிடம் கொடுத்துவிட்டேன்.

1968 மார்கழியில் ஒருநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தோப்புக்குப் போனேன். பாண்டி காய்ந்த மட்டைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு மட்டையின் மேல் என்னை உட்காரச் சொன்னான். இளநீர் வெட்டிக் கொடுத்தான், இடது கையால்.

"பாண்டி, அன்னைக்குக் கட்டையில ரத்தம் இருந்துச்சே..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க முதல்ல என் கையப் பாத்திய, பொறவு என் மூஞ்சியப் பாத்திய. எனக்கு நெஞ்சு திக்குன்னுட்டு" என்றான். குரலில் கோபம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். "அதுக்கு ரெண்டு மாசம் முந்தியே விரலுல ஒண்ணும் தெரியல. தங்கத்தாய்ட்ட சொல்லல. பாப்பா போனப்பவும் இப்படித்தான் ஒண்ணுமே தெரியாம இருந்திச்சு, அதுமாதிரி தானாச் சரியாயிரும்னு இருந்தேன். உங்ககிட்ட கேட்டுரணும்னு ஒவ்வொரு நாளும் நெனைப்பேன், வாய் வராது. அன்னைக்கு நீங்களே பாத்துட்டிய. என்ன சொல்லப் போறாவளோன்னு இருந்தா, சாயத்தப் பத்திக் கேட்டிய. கம்பவுண்டரே பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்பம் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

மட்டையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தான்.

"ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் அண்ணாச்சி நல்லா ஒறங்குனேன்" என்றான்.