சுபத்ரா அக்காவின் கால்

பெரிய பைக் மெக்கானிக் தொழிலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதைவிட, வெந்த கால்களைப் பார்த்ததுதான் அதிகம். டூரிங் பைக் வாங்கி, மதுரை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் பொசுங்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஈரத்துண்டு வைத்தியம்

என் பட்டறை நாகமலை புதுக்கோட்டையில். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இரண்டு முழங்காலிலும் ஈரத்துண்டு சுற்றிக்கொண்டுதான் வண்டி எடுப்பார். "ரேடியேட்டர் ஃபேனோட அனல் காத்து நேரா கால்லதான் சார் அடிக்கும், பெரிய இன்ஜின்ல இது சகஜம்" என்று தைரியம் சொன்னேன். அவர் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"சகஜம்னா, நீங்க ஏன் ஸ்கூட்டர்ல வாரீங்க?"

வெள்ளிக்கிழமை கெடு

ஜெயராம் அண்ணனுக்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை. மகள் கல்யாணம் முடிந்த கையோடு, மனைவி சுபத்ரா அக்காவோடு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஆசையாக வாங்கிய வண்டி. தீபாவளிப் பயணத்திலிருந்து அது கொதிக்க ஆரம்பித்தது. அக்காவின் காலில் கொப்புளமே வந்துவிட்டது. வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிற அக்கா, எனக்கும் விளங்கட்டும் என்று தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை எழுமலை வரைக்கும் போய்ட்டு வருவோம். கால் சுட்டுச்சுன்னா, சனிக்கிழமை வண்டிய வித்துருவோம்."

மூன்று நாள் போராட்டம்

கூலன்ட் மாற்றினேன், ஆயில் மாற்றினேன், சைலன்சருக்குச் சூடு தாங்கும் பட்டை சுற்றினேன். பேரையூர் வரை ஓட்டிப் பார்த்தால் டெம்பரேச்சர் கோடு உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. என் காலும் வெந்ததுதான் மிச்சம். வெயிலைத் திட்டினேன், வண்டி செய்தவனைத் திட்டினேன். அண்ணன் தினமும் மத்தியானம் கடையை விட்டுவிட்டு வந்து, வண்டியைத் தடவிக்கொண்டு நிற்பார். பார்க்கவே பாவமாக இருந்தது. வியாழக்கிழமை அவர் சொன்னது:

"முடியலேன்னா சொல்லிரு மாப்ள. இம்புட்டு வருஷம் கடையிலதான உக்காந்திருந்தேன், இனியும் உக்காந்துக்கிறேன்."

வலைக்குப் பின்னால்

வெள்ளிக்கிழமை காலை, கடைசி முயற்சியாக ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கல்லடித் தடுப்பு வலையைக் கழற்றினேன். அந்த வலையும் நான் மாட்டிவிட்டதுதான். உள்ளே ரேடியேட்டர் முகம் முழுக்க மூன்று பட்டையாகக் காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். அதன்மேல் கரிசல் புழுதி அப்பி, காற்று நுழைய வழியே இல்லை. ஆயுதபூஜை சமயத்தில் சர்வீஸுக்கு வந்த வண்டி. பெரிய வண்டியாயிற்றே என்று தாராளமாகப் பூசி, அதன்மேல் வலையையும் மாட்டியது யார் கை என்று எனக்கா தெரியாது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

பழைய பல் பிரஷும் தண்ணீருமாக ஒரு மணி நேரம் சுரண்டினேன். இருவரும் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர்கள் எழுமலை போய்த் திரும்பும்வரை எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. மத்தியானம் வண்டி வந்து நின்றது. அண்ணன் வாயெல்லாம் பல். அக்கா இறங்கி, குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கால் சுடல. அடுத்த ஆயுதபூஜைக்கு வண்டிய எங்க கடையிலயே வச்சுக் கும்பிட்டுக்கிறோம். சந்தனத்த நீ உன் ஸ்கூட்டருக்குப் பூசிக்க."

ஆகவே சக பாவிகளே, வண்டி கொதித்தால் வெயிலைத் திட்டுவதற்கு முன்னால், உங்கள் மெக்கானிக்குக்குக் கடவுள் பக்தி எவ்வளவு என்று ஒரு தரம் விசாரித்துவிடுங்கள்.