இனி யாரும் 'ரயுவான் அக்கா' என்று கூப்பிடாதீர்கள்

சரஸ் அக்கா போய்விட்டார்.

இன்று காலை, கிள்ளானில், ஆஸ்பத்திரியில். ஹார்ட். ஷா ஆலமில் இருக்கும் அவர் மகள் போன் செய்தபோது நான் ஜாமில் நின்றிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. தமிழ்ப்பள்ளி ஆபிஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் வரிசையில் கடைசி வீடு. மலாயில் கடிதம் எழுத வேண்டுமா, எல்லாருக்கும் அவர்தான்.

பிள்ளைக்கு ஹாஸ்டல் கிடைக்கவில்லையா, சரஸ் அக்கா. குழாயில் தண்ணீர் வரவில்லையா, சரஸ் அக்கா. என் அப்பாவின் டயாலிசிஸுக்கு உதவி கேட்டு எழுதியதும் அவர்தான். "பேரு, ஐசி நம்பர் மட்டும் பாத்துக்க தம்பி. மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன்" என்பார்.

அத்தனையும் 'ரயுவான்' கடிதங்கள். அதாவது, தயவு பண்ணுங்கள் என்று மேலே உள்ளவர்களிடம் கேட்பது. அவருடைய பழைய லேப்டாப்பில் அந்த ஒரே ஃபார்மட்தான். பெயரை மாற்றுவார், விஷயத்தை மாற்றுவார், பிரிண்ட் எடுப்பார். பாதிக்குமேல் காரியம் நடந்துவிடும். அக்காவுக்குக் கைராசி என்போம்.

அப்புறம்தான் பாடாங்கில் அந்த போர்டை நட்டார்கள்...

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் திடல் அது. மூன்று கட்டடம் வருகிறதாம், ஒவ்வொன்றும் நாற்பது மாடி. ஆட்சேபம் இருந்தால் தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள் என்று மலாயில் எழுதியிருந்தது.

தாமானுக்குள் வர ஒரே ரோடு. சாயங்காலம் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. ஒரு மழைக்கே லோங்காங் சாக்கடைத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிடும். இதில் இன்னும் அத்தனை குடும்பமா? எல்லாரும் நேராக அக்கா வீட்டு வாசலுக்குத்தான் போனோம்.

வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். முட்டி வலியோடு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினார்.

ஆனால் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். "தம்பி, நீ ஆபிஸ்ல மலாய்லதானே எழுதுற. ஒரு வாட்டி படிச்சுப் பாரு லா. இது பெரிய விஷயம், எனக்கு பயமா இருக்கு."

"ஓகே அக்கா, சூப்பர்" என்று பதில் போட்டேன். கூடவே ஒரு தம்ஸ்-அப்.

படிக்கவில்லை. ஃபைலைத் திறக்கக்கூட இல்லை.

மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராமல், முனிசிபல் ஆபிஸுக்கு நேரில் போய்க் கேட்டோம். கவுண்டரில் இருந்த பெண் 'என்சிக்', சார் என்று மரியாதையாகத்தான் பேசினார். ஆட்சேபம் என்று எதுவும் வரவில்லை என்றார்.

எங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஆனால் தலைப்பில் 'ரயுவான்' என்று இருந்தது. 'பந்தாஹான்', அதாவது ஆட்சேபம் என்ற வார்த்தை, ஒரு கடிதத்திலும் இல்லை. அதனால் வேறு பிரிவுக்குப் போய்விட்டன. தேதியும் முடிந்துவிட்டது.

அக்கா கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என் தப்புதான், இவங்க தப்பு இல்ல" என்று அந்தப் பெண்ணிடம் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நம் தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். "சீக்கிரம் கட்டுங்கன்னு கெஞ்சி எழுதிட்டாங்க போல" என்று ஒருவர். 'ரயுவான் அக்கா' என்று இன்னொருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது. அக்கா குரூப்பைவிட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு கடிதம் கேட்டு யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஒரு நாள் பாசாரில், மீன் கடையில் எதிரே வந்துவிட்டார். "அக்கா, அன்னிக்கு அந்த ஃபைலு..." என்று இழுத்தேன்.

"விடு லா தம்பி. நீ பிஸியா இருந்திருப்ப. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். "கெம்போங் மீன் நல்லா இருக்கு பாரு, வாங்கிட்டுப் போ."

சண்டாளன் நான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வார்த்தை சரியாக இருந்திருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அக்காவை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

இன்று மதியம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பாடாங்கில் கட்டடத்துக்கு பைலிங் அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் தலைமாட்டில் வைத்த விளக்கு ஆடுகிறது. ஓர் ஆன்டி சொல்கிறார்: "நல்ல மனுஷிதான், பாவம். அந்த ஒரு வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க." அக்காவின் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

மகள் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து அவரைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையதும்தான், அம்மா எனக்கு அனுப்பினார், நான் படிக்காமலே ஓகே சொன்னேன்... எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றார். "அம்மா போன்ல இருக்கு. வார்டுல படுத்துக்கிட்டு, அந்த மெசேஜ அழிச்சிடு, அந்தத் தம்பிக்கு சங்கடம்னாங்க. நான்தான் அழிக்கல."

அழிக்காதேம்மா என்றேன். அப்படியே வெளியே வந்து, அவர் வீட்டு கேட் பக்கத்தில் நின்று இதை டைப் செய்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். தாமான்காரர்கள் எல்லாரும் வாருங்கள். வரும்போது அந்த மகள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

அக்கா... படிக்காமல் விட்டது நான். போய்ட்டு வாங்க.