நிக்சன் கப்பலும் சௌந்தரபாண்டியன் வீட்டு டெலிபோனும்

ரத்தினம் எனக்குச் சித்தப்பா மகள். அவள் அம்மா சுடலையம்மாள் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதனால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தாலும் அவள் எனக்குத் தங்கைதான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவள். அவள் எங்கேயும் வாக்கப்படாதவள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கு எங்கக்கா நேரம்?" என்பாள். வருத்தப்பட்டுச் சொல்கிற ஆள் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நேரம் கிடையாது.

ராஜபாளையத்தில் அவள் அண்ணன் சௌந்தரபாண்டியன் வீட்டு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தாள். எண்பதுகளில் அந்தத் தெருவில் விடிந்ததைச் சொன்னது சேவல் இல்லை, அவள் வீட்டு மிஷின்கள்தான். மில் ஆபீஸில் வேலைக்குப் போகிற பிள்ளைகள், நாளைக்குக் கிளார்க் ஆகப்போகிறவர்கள் எல்லாரும் லோயர், ஹையர் பரீட்சை என்று அவளிடம்தான் வந்து தட்டினார்கள். தட்டிப் பழக ஏதாவது இங்கிலீஷ் வேண்டுமே? மெட்ராஸிலிருந்து அமெரிக்காக்காரர்கள் இலவசமாக அனுப்பிய வழுவழுப் புத்தகம் ஒன்று தபாலில் வரும். அதில் அந்த நாட்டு ஜனாதிபதிகள் பேசிய பேச்செல்லாம் இருக்கும். அதைப் பிரித்து வைத்துப் பிள்ளைகளை அடிக்கச் சொல்வாள். அடித்ததைத் திருத்தித் திருத்தி அந்த ஜனாதிபதிகள் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். "லிங்கன் சுருக்கமாப் பேசுவாரு, பிள்ளைகளுக்குத் தப்பே வராது. கென்னடியத்தான் ஒருத்தியும் ஒழுங்கா அடிச்சதில்ல" என்பாள். கார்ட்டர் என்கிறவர்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். அவர் கடலை விவசாயம் பார்த்தவராம். "கடலை போடுற நம்ம தேவதானத்து ஆளு மாதிரிக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. மற்ற இன்ஸ்டிடியூட்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, இவள் மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி மாடியில் இறக்கினாள். கீழே அண்ணன் வீட்டு டெலிபோனிலிருந்து சன்னல் வழியாக மேலே ஒரு ஒயரை இழுத்தாள். அந்த ஒயர் வழியாக, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்த மாதிரி எழுத்தாலேயே பேசிக்கொள்ளலாமாம். ஒருவர் எழுதி அனுப்பினால் அடுத்த நிமிஷம் எல்லார் பெட்டியிலும் தெரியும். காலை வகுப்புப் பிள்ளைகள் போனதும் ரத்தினம் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். நமக்குக் காலை என்றால் அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி. சாப்பிட்டு முடித்த வெள்ளைக்காரர்கள், எந்த ஜனாதிபதி பெரியவர், எவர் பெயர் நிலைக்கும் என்று அங்கே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குள் ராஜபாளையத்து ரத்தினமும் இறங்கினாள்.

இறங்கினால் சும்மா விடுவாளா? அவர்கள் ஒற்றை விரலால் ஒரு வரி தடவி எழுதுவதற்குள் இவள் பத்து விரலாலும் ஒரு பத்தியை அடித்து அனுப்பிவிடுவாள். ஒஹாயோ என்ற இடத்திலிருந்து வால்ட்டர் என்று ஒருவர். ஒருநாள் அவர், "அம்மா, அங்கே நீங்கள் எத்தனை பேர் உட்கார்ந்து எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேவிட்டாராம். "நான் ஒருத்திதான். என்னிடம் படித்தவர்களைக் கூப்பிடவா?" என்று இவள் பதில் போட்டாள்.

அந்த வால்ட்டருக்கு நிக்சன்தான் தெய்வம். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டு நாற்காலியை விட்டுப் போனவரை எப்படிப் பெரியவர் என்கிறாய் என்று இவள் கேட்பாள். சீனாக்காரனோடு கைகுலுக்கினாரே, அது சின்னக் காரியமா என்று அவர் கேட்பார். இப்படியே மாதக்கணக்காக ஓடியது.

கோளாறு எங்கே வந்தது என்றால், ரத்தினம் அமெரிக்காவில் இருக்கிற நேரமெல்லாம் கீழே டெலிபோன் செத்துக் கிடக்கும். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'கொய்ங் கொய்ங்' என்று எங்கேஜ் சத்தம்தான். அந்த வருஷம் சௌந்தரபாண்டியன் மகள் சண்முகத்தாய்க்கு மாப்பிள்ளை பார்த்திருந்தோம். தேவதானத்துத் தங்கச்சாமி மகன். தங்கச்சாமி என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை. பேச்சை எடுத்ததே நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் போன் போட்டு, பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண நாள் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்காகவே நான் முந்தின நாளே ராஜபாளையம் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. போன் வரவில்லை. சௌந்தரபாண்டியன் டெலிபோன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். உள்ளே கரகரவென்று இரைச்சல்.

"பரிபூரணம்! அந்தக் கட்டிங் பிளேயர எடு!" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"இங்காருங்க, செத்த பொறுங்க. தங்கச்சிகிட்ட சொன்னா நிறுத்திருவா."

"எம்புட்டுத் தடவ சொல்லிட்டேன்! சம்பந்தக்காரன் அங்க பூத்துல நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டிருப்பான். என் மக வாழ்க்கையவிட அமெரிக்காக்காரன் பெருசாப் போயிட்டானா? இன்னையோட ஒயர அறுத்துட்டு மறுவேல."

அறுத்தால் ரத்தினத்துக்கு இன்ஸ்டிடியூட்டே இல்லை. தட்டச்சுக்கு வருகிறவர்கள் குறைந்து, கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் படிக்க வருகிறவர்கள்தான் அப்போது மிச்சம். புது லைன் கேட்டு எழுதிப்போட்டால் எந்தக் காலத்தில் வருமோ? நான் முழங்கால் வலியோடு அவன் பின்னாலேயே மாடி ஏறினேன்.

ரத்தினம் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கையில் பிளேயர். அவள் பயப்படவில்லை. திரையைக் காட்டி, "நல்ல நேரத்துல வந்தண்ணே. எழுபத்தொண்ணு சண்டையில நம்ம கடலுக்கு நிக்சன் போர்க்கப்பல் அனுப்புனாரே, அது சும்மா ஒரு பூச்சாண்டிதான், ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட விழலன்னு இந்த வால்ட்டர் எழுதுதான். என்ன பதில் போட?" என்றாள்.

சௌந்தரபாண்டியன் சன்னலோரம் போய் ஒயரைப் பிடித்தவன் அப்படியே நின்றான். எழுபத்தொன்றில் அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். கிழக்கே, சண்டை நடந்த இடத்தில்.

"என்னது? பூச்சாண்டியா?"

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"ஏட்டி, எழுது அவனுக்கு! அந்தக் கப்பல் வருதுன்னு ரேடியோல கேட்டப்ப நான் லாரிக்குக் கீழ படுத்துக் கெடந்தேன்னு எழுது. எங்கூட இருந்த பயக ஒருத்தனும் அன்னைக்குச் சோறு திங்கல. இங்க எங்க ஆத்தா..." அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லுக்கா, ஆத்தா என்ன செஞ்சா?"

"அய்யனார் கோவிலுக்கு நடந்தே போனா. மகன் திரும்பி வாரவரைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன்னு நேர்ந்துக்கிட்டா. நீ வந்தப்ப அவ முடியெல்லாம் சடையாத் திரிஞ்சு கெடந்துச்சே" என்றேன்.

"அதையும் எழுது. கீறல் விழலையாம்ல, கீறல்!"

ரத்தினத்தின் விரல்கள் மழை அடித்த மாதிரி ஓடின. அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வால்ட்டரிடமிருந்து பதில் உடனே வரவில்லை. "ஓடிட்டான் பாரு" என்றான் சௌந்தரபாண்டியன். அதற்குள் ஒவ்வொரு வரியாகப் பதில் வர ஆரம்பித்தது. அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அவருக்கு ஒரு தம்பியாம். அதே வருஷம் வியட்நாம் சண்டையில இருந்தானாம். நிக்சன்தான் பட்டாளத்தக் குறைச்சு ஊருக்குத் திருப்பி அனுப்புனாராம். தம்பி வந்து எறங்குன அன்னைக்கு அவங்கம்மா வாசல்லயே உக்காந்து அழுதுச்சாம். அதனாலதான் அந்த மனுசன எவனும் குறை சொல்ல விடமாட்டேங்காரு."

சௌந்தரபாண்டியன் ஒயரை விட்டுவிட்டுத் திரைப் பக்கம் வந்தான். எனக்கு அரசியல் தெரியாது, இது தெரிந்தது. அங்கே ஒரு தாய்க்கு மகனைத் திருப்பிக் கொடுத்தவர்தான் இங்கே ஒரு தாயைப் பதறி நடக்கவைத்தவர். வால்ட்டரும் இவனும் தங்கள் வீட்டுக் கணக்கில்தான் அவரை எடைபோடுகிறார்கள்.

"தம்பிக்காரன் இப்ப நல்லா இருக்கானா, கேளு" என்றான் சௌந்தரபாண்டியன்.

கேட்டாள். பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறானாம், நான்கு பிள்ளைகளாம்.

"பேரு என்னவாம்?"

அதையும் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கூடவே தங்கச்சாமியின் தொண்டை.

"ஏன்யா சௌந்தரபாண்டி! ஒம்ம வீட்டுப் போனு செத்துப் போச்சா, இல்ல எங்க சம்பந்தமே வேண்டாம்னு ரிசீவர எடுத்து வச்சிருக்கீரா? காலையில இருந்து பூத்துல கால் கடுக்க நின்னேன்!"

சௌந்தரபாண்டியன் படியில் தடதடவென்று இறங்கினான். கையில் பிளேயர் இருப்பதையே மறந்துவிட்டான். அதைப் பார்த்துத் தங்கச்சாமி ஒரு அடி பின்னால் போனார்.

"அடடே! இதுக்கு வெட்டரிவாளே எடுத்திருக்கலாமே!"

"அய்யய்யோ, இது ஒயர் அறுக்க எடுத்தது, மச்சான்! தப்பு எம்மேலதான். நான்தான் மேல உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன்."

தங்கச்சிமேல் போட்டிருக்கலாம். போடவில்லை. பின்னால் இறங்கி வந்த ரத்தினம் அதைக் கேட்டுப் படியிலேயே நின்றுவிட்டாள். நான் முந்திக்கொண்டு, "கொழுந்தனாரே, பூ வைக்கிற சேதிய எவனாவது போன்ல சொல்லுவானா? ஒங்க அப்பா என்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப, தேவதானத்துல இருந்து வில்லு வண்டி கட்டிக்கிட்டுல்ல வந்தாரு? நீங்க நேர்ல வரணும்னுதான் போனு எடுக்கல" என்றேன். பரிபூரணம் அதற்குள் காப்பியோடு வந்துவிட்டாள். தங்கச்சாமி சிரித்துவிட்டார். அன்றைக்கே நாளும் குறித்தாயிற்று. ரத்தினம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்காவில் கடலைக்காரர் ஒருவர் ஜனாதிபதியாக இருந்த கதையைச் சொன்னாள். "எந்த ரகம் போட்டாராம்?" என்று அவர் கேட்டார். அதை அமெரிக்காக்காரர்களிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஒயர் அறுபடவில்லை. காலை வகுப்பு முடிந்ததிலிருந்து சமையல் முடிகிறவரை லைன் ரத்தினத்துக்கு, மற்ற நேரம் வீட்டுக்கு என்று சௌந்தரபாண்டியனே பட்டாளத்து உத்தரவு மாதிரி போட்டான். சொந்தக்காரர் எல்லாருக்கும் அதைச் சொல்லியும் விட்டான்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் ரத்தினம் அதை அப்படியே இங்கிலீஷில் அடித்து அந்தக் கூட்டத்துக்கு அனுப்பினாள். தாத்தா பெயர், ஆச்சி பெயர், தாய்மாமன்மார் பெயர் ஒன்றையும் விடவில்லை. சண்டைக்காரனுக்கும் பத்திரிகை வைக்கிறதுதானே முறை? மறுநாள் வால்ட்டர் பதில் போட்டார். பிள்ளைகள் நீண்ட காலம் வாழட்டும் என்று அவரும் தம்பியும் சேர்ந்து எழுதியிருந்தார்கள்; நிக்சன் விஷயத்தில் தன் கருத்து மாறவில்லை என்று அடியில் ஒரு வரி.

ரத்தினம் வாசித்தாள். சௌந்தரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாழ்த்துக்கு ரொம்ப சந்தோசம்னு போடு. தம்பிய நான் கேட்டதாச் சொல்லச் சொல்லு." படியில் கால் வைத்தவன் திரும்பினான். "பொறவு, அந்தக் கப்பல நான் மறக்கலன்னும் போடு."