சொல்லாமல் போன அடூம்

தில்லைநாதன் எந்த நாட்டுத் தூதரகத்தில் கார் ஓட்டினான் என்பது நாங்கள் குடியிருக்கும் ட்வெய்ட்டாவில் ஒருவருக்கும் தெரியாது. ஓர் ஆபிரிக்க நாடு என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டான். ஒரே கட்டடத்தில் அவன் கீழ்மாடி, நான் மேல்மாடி. பன்னிரண்டு வருடப் பழக்கம். எனக்கே சொல்லவில்லை. காருக்குள் கேட்டது காருக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். பெரிய இராஜதந்திரி என்று நான் பகிடி பண்ணுவேன்.

தன் தூதுவரைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்வான். சாமுவேல் அடூம் என்று பெயர். பின் ஆசனத்தில் ஏறவே மாட்டாராம்; சாரதிக்குப் பக்கத்தில்தான் இருப்பாராம். கடவுச்சீட்டைத் தொலைத்தவன், விசா முடிந்தவன் என்று எவன் வந்து நின்றாலும் தானே யன்னலடிக்கு வந்து கதைப்பார். பனி கொட்டும் நாளில் வெளியே வரிசை நீண்டால் கூட்ட மண்டபத்தைத் திறந்துவிட்டு, உள்ளே இருத்தித் தேநீர் கொடுக்கச் சொல்வார். இப்படி நாலு அதிகாரிகள் எங்கள் நாட்டில் இருந்திருந்தால் நாங்கள் ஏன் இங்கே வந்து குளிரில் விறைக்கிறோம்? எனக்கு ஆத்திரம்தான் வரும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசியில் தில்லைநாதனின் தாய் யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. கொள்ளி வைக்கப் போக வழியில்லாமல், வீட்டில் தாயின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கல்லாட்டம் இருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு நானும் போய் இருந்தேன்.

மூன்றாம் நாள் தூதுவர் வந்தார். சாரதி துக்கத்தில் இருக்கிறான் என்று சுரங்க ரயிலில் வந்து, வழி விசாரித்து, பனிக்குள் நடந்து வந்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்களோடு நிலத்தில் இருந்தார். அரைமணி நேரம் கழித்து எழுந்தார். ஒருவரிடமும் விடைபெறாமல் படியிறங்கிப் போனார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டுக்குத் திரும்பவும் ஒரு துக்கம் வந்துவிடக்கூடாது அல்லவா? அதை முதல்நாளே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார் மனிதர். அவர் போன பிறகுதான் தில்லைநாதன் வாய்விட்டு அழுதான்.

அடுத்த கார்த்திகையில் அடூம் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய வாசஸ்தலத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நாள் முழுவதும் ஆட்களை ஏற்றி இறக்கினான் தில்லைநாதன். கடைசியில் தானும் உள்ளே போய், படத்துக்கு முன்னால் பூ வைத்துக் கும்பிட்டான். வாசலில் திருமதி அடூம் ஒவ்வொருவரையும் கட்டியணைத்து வழியனுப்பிக்கொண்டு நின்றார். தில்லைநாதன் அவரைத் தாண்டி, தலையைக் குனிந்தபடி, ஒரு சொல் சொல்லாமல் வெளியேறினான். செத்தவீட்டுக்குப் போனவன் எப்படி வரவேண்டுமோ அப்படி வந்ததாகத்தான் அவன் நினைப்பு.

மறுநாள் தூதரகச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அம்மையார் பிரேதத்தோடு நாட்டுக்குப் புறப்படுகிறார், விமான நிலையத்துக்கு டாக்சி ஒழுங்கு செய்தாயிற்று, தில்லைநாதன் வரவேண்டியதில்லை என்றார். ஐந்து வருடம் பக்கத்தில் இருந்தவன் ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டானே என்று அம்மையார் அழுதாராம்.

"அந்த மனுசனுக்கு நான் ஓடுற கடைசி ஓட்டம், பாமா," என்றான் மனைவியிடம். "அதையும் வேண்டாமெண்டிட்டினம்."

சத்தியபாமா விடவில்லை. "போய்ச் சொல்லுங்கோ. எங்கட வழக்கம் அந்த மனுசிக்கு என்னெண்டு தெரியும்? பேசாமல் இஞ்சை இருந்தியளெண்டால், நன்றி கெட்டவன் எண்டுதான் சாகுமட்டும் நினைக்கும்."

புறப்படும் நாள் காலை, காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் வாசஸ்தலத்துக்கு முன்னால் நிறுத்தினான். வெளியே வந்த திருமதி அடூம் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்சியும் வந்து நின்றது. தில்லைநாதனுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். இருந்தும் எல்லாவற்றையும் சொன்னான். ஐயா தன் வீட்டுக்கு ரயிலில் வந்ததையும், ஒருவரிடமும் சொல்லாமல் எழுந்து போனதையும், அது ஏன் என்பதையும் சொன்னான். "உங்கள் வீட்டுக்கு இனியொரு துக்கம் வரக்கூடாது, மேடம். அதற்காகத்தான் சொல்லாமல் போனேன்."

அந்த நாள் திருமதி அடூமுக்கும் நினைவிருந்தது. நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்கு வந்த கணவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டாராம். எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு என்று மட்டும் சொன்னாராம் அவர். யாருடைய சாவு என்பது அம்மையாருக்கு இப்போதுதான் விளங்கியது. டாக்சியைத் திருப்பி அனுப்பினார். காரின் முன்கதவைத் தானே திறந்து, கணவர் இருக்கும் இடத்தில் ஏறி இருந்தார்.

விமான நிலையத்தில் தூதரக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அம்மையார் ஒவ்வொருவரையும் கட்டியணைத்து, பெயர் சொல்லி விடைபெற்றார். வரிசையின் கடைசியில் தில்லைநாதன் நின்றான். அவனுக்கு முன்னால் வந்து அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போனார்.