கேட்காத ஒலிக்கு அழுத்திய பொத்தான்

நான் நேரில் அறிந்ததையும், என் செவிச் சோதனைத் தாளில் எழுதியிருப்பதையும் மட்டுமே இங்குச் சொல்வேன். இதைக் கொள்கைப் பெருமையாகக் கொள்ள வேண்டாம். கேட்காத ஒன்றைக் கேட்டதாகப் பதிவு செய்ய ஒருமுறை முயன்றேன். அதனால் வந்த அச்சம் இன்னும் நீங்கவில்லை. எனவே உறுதி செய்யாத எதையும் எழுதக் கை எழவில்லை.

தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்த நான், ஆறு ஆண்டுகளாகக் கம்பம் பள்ளத்தாக்கின் திருமண மண்டபங்களில் டி.ஜே.யாக இருக்கிறேன். கிளப்புகளில் டி.ஜே. ஆக விரும்பும் இளையோர் எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. காதைப் பற்றி எவரும் கேட்டதில்லை. நானும் எவரிடமும் கேட்டதில்லை.

கூடலூர் நண்பன் ஒருவன் என் ஒலிபெருக்கிகளைத் தன் ஜீப்பில் ஏற்றி வருவான். மலையாளம் நன்கு பேசுவான். அவன் முயற்சியால் கொச்சியிலுள்ள ஒரு கிளப் என்னை ஒரு சனிக்கிழமை இசைத்துக் காட்ட அழைத்திருந்தது. ஆறு ஆண்டுகளாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

அதற்குப் பதினொரு நாள் முன்பு, உத்தமபாளையத்துக்கு அருகே ஒரு பகல் வரவேற்பு. மேடை குறுகலானது; ஒரு பெரிய ஒலிபெருக்கி என் இடப்பக்கம் இரண்டடித் தொலைவில் நின்றது. அதை நகர்த்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு பாட்டு கூட்டத்துக்கு ஒலிக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் தனியே கேட்டு, இரண்டின் தாளத்தையும் பொருத்துவதே எங்கள் வேலை. ஹெட்போனை நான் எப்போதும் இடக்காதில் வைப்பேன். வெளியே இரைச்சல் கூடக் கூட அதன் ஒலியையும் கூட்டினேன். களைத்த காதுக்கு எந்த ஒலியும் போதாது. பிற்பகலில் உங்கள் கை தானாகக் கூட்டத் தொடங்கினால், பாட்டின் ஒலி குறைந்துவிட்டதாக எண்ணாதீர்கள், ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள்.

இரு காதிலும் பஞ்சு வைத்திருந்தேன். இப்பக்கத்து மேடைகளில் நான் பார்த்த பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பஞ்சு ஒலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை என்று பின்னர் மருத்துவர் சொன்னார். அது கொடுத்த தைரியத்தில்தான் நான் அவ்வளவு கூட்டியிருந்தேன். இதற்கென்றே செய்த காதடைப்புகள் கடையில் கிடைக்கின்றன. கருவிக்கு முன் அவற்றை வாங்குங்கள்.

மறுநாள் காலை இடக்காதில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. திராட்சைத் தோட்டத்தில், சாத்திய மோட்டார் அறைக்கு வெளியே நிற்பது போன்ற ஓசை. எவரிடமும் சொல்லாமல் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் காதில் விட்டேன். இரைச்சல் நிற்கவில்லை. உண்ணும்போதும் குளிக்கும்போதும் விரலால் வலக்காதை மூடி, இடக்காதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தேன்.

ஐந்தாம் நாள், அடுத்த திருமண வீட்டாரைப் பார்க்க நண்பனும் நானும் காமயகவுண்டன்பட்டிக்குப் போனோம். சாலையைக் கடக்கும்போது ஆரன் ஒலித்தது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. காலை எடுத்து வைத்தேன். நண்பன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். டவுன் பஸ் இடப்பக்கத்திலிருந்து வந்து என் முன்னே கடந்தது.

“ஏலே, பஸ்ஸு அங்கன வருது, நீ இங்கன பாக்குற,” என்றான். பிறகு சிரித்தான். “செவிட்டு டி.ஜே.ன்னு பேனர் அடிச்சிருவமா, மாப்ள?”

நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் தேனியில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனான். சோதனைக்காக என்னை ஒரு சிறிய அடைப்பறையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். ஹெட்போனில் ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வலக்காது எளிதாக முடிந்தது. ஒலிகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்ததை என் மனம் அதற்குள் எண்ணி வைத்துக்கொண்டது, தொழில் அப்படி. இடக்காதில் சிறிது நேரத்திலேயே ஒலிகள் நின்றன. கொச்சி நினைவுக்கு வந்தது. விரல் அந்த எண்ணிக்கையிலேயே அழுத்திக்கொண்டு போனது.

சோதனை செய்த பெண்மணி கதவைத் திறந்தார். கோபம் இல்லை.

“தம்பி, நான் சத்தம் குடுக்கிறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. நீங்க அமுக்கிக்கிட்டே இருக்கீக.”

பொத்தானை மடியில் வைத்தேன்.

“கேட்டா மட்டும் அமுக்குங்க. கேக்கலேன்னா சும்மா இருங்க. அதுவும் எங்களுக்கு வேணும்.”

மீண்டும் தொடங்கினார். இம்முறை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த அமைதியில் அவர் ஒலி அனுப்புகிறாரா, அனுப்பவில்லையா என்று அறிய வழியில்லை. சுவரிலிருந்த சிறு துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்வில் அவ்வளவு நீண்ட நேரம் எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

இடக்காதில் உயர்ந்த ஒலிகள் கேட்கவில்லை என்று தாளில் எழுதியிருந்தது. முதல் நாளே வந்திருக்க வேண்டும், எண்ணெய் விட்டிருக்கக் கூடாது என்றார் மருத்துவர். மாத்திரைகள் எழுதினார். ஆறு வாரம் பேரொலி கூடாது என்றார்.

ஜீப்பில் திரும்பும்போது நண்பன் வழி ஒன்று சொன்னான். “கொச்சிக்காரனுக்கு என்ன தெரியப்போகுது? வலது காதுல மாட்டிக்க. உனக்குத்தான் தாளம் மனசுக்குள்ள ஓடுமே, கேக்கலேன்னாலும் எண்ணியே ஓட்டிரலாம்ல.”

ஓட்டிவிடலாம் என்பது எனக்கும் தெரியும். சற்று முன்புதான் பொத்தானோடு அப்படி ஓட்டிப் பார்த்திருந்தேன். மீதியிருந்த வலக்காதையும் அந்த மேடைக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கிளப் மேலாளரை அழைத்து, நண்பன் மொழிபெயர்க்க உண்மையைச் சொன்னேன். ஆறு வாரம் கேட்டேன். பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். நண்பன் சின்னமனூர் வரை வண்டியை விரட்டியே ஓட்டினான்.

நான்காம் வாரம் நடக்கிறது. இரைச்சல் இன்னும் இருக்கிறது. அது அந்த ஒரு பகலில் வந்ததா, ஆறு ஆண்டுகளில் சேர்ந்ததா என்பது தெரியாது. இடக்காதின் செவித்திறன் திரும்புமா என்பது மருத்துவருக்கும் தெரியாது. கொச்சியிலிருந்து அழைப்பு வருமா என்பதும் தெரியாது.