வெள்ளை வேட்டியின் நுனி

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே, மூடிப்போன சாய ஆலையை ஒட்டி ஓடும் ஆற்றின் படித்துறையில் நிற்கிறேன். இங்கே குடிவரப் போகிறேன். வீட்டுச் சாவியைக்கூட வாங்கிவிட்டேன். மீன் துள்ளுகிறது, காற்றில் நெடியே இல்லை. கோவையில் இந்த அமைதிக்கு எங்கே போவது? முன்பு குடியிருந்தவர்கள் ஏன் அவசரமாகக் காலி செய்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

துணி துவைக்க வந்த பெண் மூட்டையைப் பிரிக்கவில்லை. ஒரு வெள்ளை வேட்டியின் நுனியை மட்டும் ஆற்றில் நனைத்து, சாயம் ஏறியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்.

“ஏனுங்க, ஆலை மூடிப் பல வருசமாச்சே. இன்னுமா பாக்கறீங்க?”

“நடுவுல உட்டுட்டேனுங்க. போன வாரந்தான் மறுபடி ஆரம்பிச்சேன்.”

அவர் பார்க்கும் பக்கம் நானும் திரும்புகிறேன். துருவேறிய ஆலைக் கேட்டுக்கு இருவர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.