பாட்டில் தண்ணீரும் வியாழக்கிழமைக் கேள்வியும்

விஜயகுமாரிக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. பதினெட்டு வருஷமாக அதே மேசை. ஒரு தையல் விலகியிருந்தால் போதும், ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்தவரே உட்கார்ந்து பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

வேலை முடிந்தால் அவளுக்கு இன்னொரு வேலை, மனு கொடுப்பது. தோல் கழிவு இறங்கி அவள் தெருக் கிணறு நாசமாகி வெகுகாலம் ஆகிறது. குளித்தால் உடம்பு அரிக்கும், வடித்த சோறு மஞ்சளாகும். குடிநீர்க் குழாய் கேட்டுப் பதினோரு வருஷம் அலைந்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் படித்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் எம்.எல்.ஏ. ஒரு நல்ல காரியம் செய்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. அந்தத் தெருவுக்குக் குழாய் எந்த மாதம் வரும் என்று சட்டசபையில் கேள்வி கொடுத்தார். வியாழக்கிழமை அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். சபையில் ஒரு மாதத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மென்று முழுங்க முடியாது.

அவர் சென்னைக்குக் கிளம்பும்போது விஜயகுமாரி கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள். குறையைக் கண்முன் காட்டினால் சரிசெய்வார்கள் என்பது செக்கிங் மேசையில் வந்த புத்தி. பாவம், சட்டசபையையும் கம்பெனி என்று நினைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேறு எதற்கோ கூச்சல் எழுந்தது. அந்தச் சந்தடியில் எம்.எல்.ஏ. பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். சபைக்குள் பொருள் காட்டக்கூடாது என்பது மூன்று முறை ஜெயித்தவருக்குத் தெரியாதா? சபாநாயகர் உட்காரச் சொன்னார். இவர் முன்னால் போய் சபாநாயகரின் மேசைமேலேயே தண்ணீரை ஊற்றினார். தீர்மானம் வந்தது, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டத்தொடர் முடியும்வரை சஸ்பெண்ட். காவலர்கள் நாலு பேர் அவரைத் தூக்கிப்போனார்கள். தொங்கிக்கொண்டே அவர் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பியதைக் கேன்டீன் டிவியில் விஜயகுமாரி பார்த்தாள். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை, கேள்வி கேட்டவர் சபையில் இல்லையென்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஊர் அவரைப் பட்டாசு வெடித்து வரவேற்றது. தண்ணீர் கொடுத்த தாய் என்று விஜயகுமாரியை மேடையேற்றிக் கையில் சால்வையைத் திணித்தார்கள். அவள் அதைப் போர்த்தவில்லை.

“எங்க கம்பெனில தப்பு பண்ணவங்கள வெளிய அனுப்ப மாட்டாங்க சார். உக்கார வச்சு, அதே வேலய முடிக்க வைப்பாங்க,” என்றாள் மைக்கில்.

கூட்டம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. எம்.எல்.ஏ.வும் தட்டினார்.

மறுவாரமே அவர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தார். சபை பெரிய மனதுடன் சஸ்பெண்டை ரத்து செய்தது. பேப்பரில் பார்த்ததும் விஜயகுமாரி அரைநாள் லீவு போட்டு அவர் அலுவலகத்துக்கு ஓடினாள். உதவியாளன் நவநீதன்தான் இருந்தான்.

“அவர உள்ள விட்டுட்டாங்களே தம்பி, எங்க கேள்விய திரும்ப எடுப்பாங்களா?”

“அது காலாவதி ஆயிடுச்சும்மா. அடுத்த தபா பாக்கலாம்.”

“மன்னிப்பு கேட்டாருன்னு போட்டிருக்கே.”

“ஆமா, சபாநாயகர்கிட்ட கேட்டாரு.”

“எங்க தெருவுக்கும் வந்து ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவச் சொல்லு.”

நவநீதன் போனிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கிண்டல் ஒன்றும் இல்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“உங்ககிட்ட இன்னாத்துக்கும்மா?” என்றான்.